ஏகமனதாக நிறைவேறியது

எங்கட மன்றத்தில இருபத்திரண்டு வருசமா ஒருக்காலும் வாக்கு எண்ணினது கிடையாது. பன்னிரண்டு வருசம் நான்தான் செயலாளர், எனக்குத் தெரியாமல் எண்ணியிருக்கேலாது. ஒராள் எழும்பி முன்மொழிவார், இன்னொராள் இருந்த கதிரையில இருந்துகொண்டே கையை அரைவாசி தூக்கி வழிமொழிவார், சனம் கைதட்டும், பிறகு ரோல்சும் பிளேன்ரீயும். ஆருக்கும் பிடிக்காட்டி அடுத்த கூட்டத்துக்கு வராயினம், இல்லாட்டித் தேத்தண்ணி மேசையடியில நிண்டு முணுமுணுப்பினம். ஆதரவு எத்தினை பேர், எதிர்ப்பு எத்தினை பேர், கையைத் தூக்குங்கோ எண்டு கேக்கிறது எங்கட ஆக்களுக்குள்ள மரியாதை கெட்ட வேலை. ஒருக்கா அப்பிடிக் கையைத் தூக்கினால், அந்த ரெண்டு குடும்பமும் பிறகு சாமத்தியவீட்டுக்குக்கூடப் போய்வராது.

அதால நான் என்ன செய்வன் எண்டால், கூட்டத்துக்கு முதல்நாளே குவேக்கர்ஸ் ஹில்லில என்ர குசினி மேசையில இருந்து கூட்டக் குறிப்பை அடிச்சுப் போடுவன். தீர்மானம் ஒண்டு, தீர்மானம் ரெண்டு, ஒவ்வொண்டுக்கும் கீழ "ஏகமனதாக நிறைவேறியது". முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேருக்கு மட்டும் இடம் விட்டிருப்பன். கூட்டம் முடியப் பேரை நிரப்பினால் அலுவல் சரி. மற்றச் சங்கங்களில செயலாளர்மார் மூண்டு மாசம் இழுத்தடிக்கிற வேலையை யோகா அண்டைக்கே முடிச்சுப்போடுவா எண்டு ஊரெல்லாம் பேர். அந்தப் பெருமைக்கு இப்ப என்னைச் செருப்பால அடிக்கவேணும்.

மன்றம் எண்டால் பெரிய மாளிகை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனில இருந்து எட்டு நிமிசம் நடந்தால் ஒரு பழைய மண்டபம், முன்னால இரும்புக் கேற், பின்னால சாமான் போடுற ஒரு ஸ்ரோர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். புதன்கிழமை முதியோர் கூடல், மத்தியானச் சாப்பாட்டோட. பள்ளிக்கூடத்தைத் தொடங்கினவர் அருந்தவன் அண்ணை, ஊரில கணக்கு மாஸ்டரா இருந்தவர். புருசனைப் பறிகுடுத்திட்டு மூண்டு வயசு ராகவியை இடுப்பில வைச்சுக்கொண்டு நான் இந்த நாட்டில வந்து இறங்கேக்க, அஞ்சு மாசம் தங்கட வீட்டுப் பின்னறையில வைச்சிருந்தது அவரும் அவற்ற மனிசி வைதேகி அக்காவும்தான். சொந்தமில்லை, ஊர்கூட வேற.

வைதேகி அக்கா யாழ்ப்பாணத்தில ரெலிபோன் கந்தோரில வேலை செய்தவ. ஊரில ஆற்ற நம்பரும் அவவுக்கு மனப்பாடம். அந்த மனிசிக்கு நாலு வருசத்துக்கு முதல் ஞாபகம் போகத் தொடங்கி, கடைசியில அண்ணையையே ஆரெண்டு தெரியாமல் போச்சு. வீட்டில அவர் குடுக்கிற சாப்பாட்டை லேசில வாயில வைக்கமாட்டா. தெரியாத ஆம்பிளை ஒராள் தன்னை அடைச்சு வைச்சு நஞ்சு தாறார் எண்டு அழுவா. ஆனால் புதன்கிழமை மண்டபத்தில, நாப்பது பேரோட வரிசையில இருத்தி முன்னால சோத்துக் கோப்பையை வைச்சால் பேசாமல் சாப்பிடுவா. ரெண்டாந்தரம் சோறும் கேட்டு வாங்குவா. பக்கத்தில நிக்கிற அண்ணையைக் காட்டி, "இந்த ஐயாதான் என்னைக் காரில கூட்டிக்கொண்டு வாறவர், நல்ல மனுசன்" எண்டு எனக்கு ஒவ்வொரு கிழமையும் அறிமுகம் செய்துவைப்பா. அண்ணை சிரிப்பார். அந்தப் புதன்கிழமைச் சாப்பாட்டிலதான் அவ உயிரோட இருந்தவ எண்டு நான் சொன்னால் அதில மிகைப்பாடு ஒண்டுமில்லை.

போன வருசம் மாசி மாசம் ஒரு ஞாயிறு விடிய, மண்டபத்துப் பின் ஸ்ரோர் எரிஞ்சு கிடந்தது. குப்பைத் தொட்டியை ஆரோ கொளுத்திவிட, அது கதவில பிடிச்சிட்டுது. பொலிஸ் வந்து பார்த்திட்டு, அந்தப் பக்கத்தில அந்த மாசம் எரிஞ்ச மூண்டாவது தொட்டி இது, தெருவில திரியிற காவாலியளின்ர வேலையாத்தான் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டுப் போச்சு. எங்கட சனத்துக்கு நெருப்பு எண்டால் சும்மா நெருப்பில்லை. எண்பத்திமூண்டில கடை எரிஞ்சதைப் பார்த்த ஆக்கள், யாழ்ப்பாணத்து லைப்ரறி எரிஞ்சதைப் பார்த்த ஆக்கள். அண்டைக்குப் பின்னேரம் எண்பது பேர் மண்டபத்துக்குள்ள வந்து நிண்டினம். பொதுக்கூட்டத்துக்கே அவ்வளவு சனம் வந்ததில்லை.

அங்கதான் தேவராஜா எழும்பினவர். ஆள் பல் டொக்டர். வந்திருந்த சனத்தில அரைவாசிப் பேரின்ர வாய்க்குள்ள அவர் ஏற்கெனவே கையை விட்டிருக்கிறார், ராகவிக்குப் பல்லுக் கம்பி போட்டதும் அவர்தான். அப்ப உபதலைவர். சத்தம் போட்டு ஒருநாளும் கதைக்கமாட்டார். கூட்டம் முடியக் கதிரையளைத் தானே அடுக்குவார், வயசுபோன ஆக்களுக்குக் குனிஞ்சு சப்பாத்து மாட்டிவிடுவார். ஆளைப் பிடிக்காது எண்டு சொன்ன ஒருத்தரையும் நான் அதுவரைக்கும் காணேல்லை. அவர் மெதுவாத்தான் சொன்னவர், இது வெளியாக்களின்ர வேலை இல்லை, ஸ்ரோருக்குப் பின்வழி இருக்கிறது வெளியாக்களுக்குத் தெரியாது, எங்களுக்குள்ளேயே ஆரோ இருக்கினம் எண்டு. சனம் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துது. எனக்குப் பக்கத்தில இருந்த மனிசி என்னைப் பார்த்தா. நானும் அவவைப் பார்த்தன், வெக்கக்கேடு.

அவர் கேட்டது பெரிசா ஒண்டுமில்லை. மூண்டு மாசத்துக்கு மட்டும் அஞ்சு பேர் கொண்ட ஒரு பாதுகாப்புக் குழு. கொமிற்றிக்கு இருக்கிற எல்லா அதிகாரமும் அந்த மூண்டு மாசமும் அந்தக் குழுவுக்கு. தலைவர் ஜெயசிங்கம் அங்கிள் மன்னார் ஆள், எண்பத்தொரு வயசு, நல்லவர், காது கேளாது. அவரே எழும்பி முன்மொழிஞ்சார். ஆரோ வழிமொழிஞ்சினம். கைதட்டத் தொடங்கேக்க அருந்தவன் அண்ணை எழும்பினார். அதிகாரத்தை மொத்தமாத் தூக்கிக் குடுக்கிறதுக்கு மன்றத்து விதியள் எழுதின யாப்பில இடமில்லை, நான் எதிர்க்கிறன், அதைக் குறிப்பில பதிஞ்சுவிடு யோகா எண்டார். சனத்துக்குக் கூச்சமாப் போச்சு. ரெண்டு பேர் இருமினவை. தேவராஜா சிரிச்சுக்கொண்டு, மாஸ்டர் எப்பவும் கணக்குப் பிழை பிடிக்கிறவர்தானே எண்டு சொல்ல, எல்லாரும் சிரிச்சுக் கைதட்டிப்போட்டுத் தேத்தண்ணிக்குப் போயிட்டினம்.

நான் பதியேல்லை. ஏன் எண்டு கேளுங்கோ. அண்ணையில இருக்கிற பாசத்திலதான். எண்பது பேர் ஒரு பக்கம் நிக்கேக்க தனி ஒராள் எதிர்ப்பு எண்டு எழுத்தில கிடந்தால் அவருக்குத்தானே பழி, நாளைக்கு இந்த நெருப்பெல்லாம் ஆறின பிறகு உந்த ஒரு வரியைப் பார்த்துச் சனம் அவரை ஒதுக்குமே எண்டு நினைச்சன். அவசரக் கூட்டம் எண்டு வீட்டில இருந்து எடுத்துக்கொண்டு வந்த வெறும் தாளில, தீர்மானத்துக்கு விட்ட இடத்துக்குக் கீழ, ஏகமனதாக எண்டு ஏற்கெனவே அடிச்சுக் கிடந்துது. தீர்மானத்தையும் பேர்களையும் நிரப்பினன்.

மூண்டு மாசம் வைகாசியில முடிஞ்சுது. முடிஞ்சுது எண்டால் எங்க முடிஞ்சுது. நெருப்பு வைச்சவையைக் கண்டுபிடிக்கேல்லைத்தானே எண்டு இன்னும் ஆறு மாசம், பிறகு "நிலைமை சீராகும் வரை". அதுக்கிடையில இருபது பேர் கடும் நீல ரீசேட்டோட கேற்றடியில நிக்கத் தொடங்கிச்சினம், முதுகில "காவல்" எண்டு எழுத்து. அவைக்குப் பொறுப்பு பிரஷாந்தன். முப்பத்தைஞ்சு வயசு, வங்கியில கொம்பியூட்டர் வேலை, ரெண்டு பிள்ளையளின்ர தேப்பன். தமிழ் எழுதப் பழகினது அருந்தவன் அண்ணையிட்ட. முதல் கிழமை சும்மா வணக்கம் சொன்னவை, அடுத்த மாசம் அங்கத்துவ அட்டை கேட்டவை. வட்ஸ்அப் குழுவில எல்லாரும் எழுதலாம் எண்டு இருந்தது, பிறகு தேவராஜா மட்டும் எழுதலாம் எண்டு மாறிச்சு. புது அங்கத்தவரைச் சேர்க்கிறதும் இருக்கிறவரை நீக்கிறதும் பாதுகாப்புக் குழுவின்ர கையில போச்சு. ஜெயசிங்கம் அங்கிளுக்குப் பொன்னாடை போத்திக் "காப்பாளர்" ஆக்கிப்போட்டு, தலைவர் கதிரையையும் தேவராஜா எடுத்தார். அங்கிள் அண்டைக்குக் கண்கலங்கி நன்றி சொன்னவர். ஆனியில கூட்டம் தொடங்க முதல் எல்லாரும் எழும்பி நெஞ்சில கையை வைச்சு ஒரு உறுதிமொழி சொல்லவேணும் எண்டு வந்துது, மன்றத்துக்கும் அதன் தலைமைக்கும் விசுவாசமா இருப்பம் எண்டு. எல்லாத்துக்கும் முன்மொழிய ஆள் இருந்துது, வழிமொழிய ஆள் இருந்துது, எல்லாத்தையும் நான் முதல்நாளே அடிச்சு வைச்சிருந்தன்.

என்ர விசர்த்தனத்தின்ர உச்சம் என்ன தெரியுமோ? ராகவி அப்ப பன்னிரண்டாம் வகுப்பு, நவீன வரலாறு படிக்கிறாள். அந்த ஜேர்மன்காரன் எப்பிடி ஒண்டரை வருசத்தில முழு அதிகாரத்தையும் கையில எடுத்தவன் எண்டது அவளுக்குச் சோதனைக்கு முக்கியமான பாடம். சின்னச் சின்ன அட்டையில எழுதி வைச்சிருப்பாள், நான் குசினியில ரோல்ஸ் சுத்திக்கொண்டு ஒவ்வொண்டாக் கேப்பன். பாராளுமன்றம் எரிஞ்சது எப்ப, அவசரச் சட்டம் எப்ப, மற்றக் கட்சியளைத் தடை செய்தது எப்ப, கிழட்டு ஜனாதிபதி என்ன ஆனார், இராணுவம் ஆற்ற பேரில சத்தியம் செய்தது. அவள் கடகடவெண்டு சொல்லுவாள், நான் கெட்டிக்காரி எண்டுவன். சுத்தின ரோல்ஸ் அடுத்தநாள் தேவராஜாவின்ர கூட்டத்துக்கு. ஒருநாள் அவள் இங்கிலிசில சிரிச்சுக்கொண்டு, அம்மா உங்கட பல் டொக்டரும் இந்தப் பாடத்தை வடிவாப் படிச்சிருக்கிறார் போல எண்டாள். பெரியாக்களை அப்பிடிக் கதைக்கக்கூடாது எண்டு பேசிப்போட்டு நான் மாவைக் குழைச்சன்.

ஆடியில பள்ளிக்கூடப் பிள்ளையளும் உறுதிமொழி சொல்லவேணும் எண்டு கடிதம் வந்துது. அருந்தவன் அண்ணை ஆறு வயசுப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு எண்டு கேட்டுப்போட்டு வழமைபோல தேவாரத்தோட பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த சனிக்கிழமை அவற்ற வகுப்புக் கதவுக்கு வேற பூட்டு. அவர் ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகேல்லை. சங்கங்களைப் பதியிற அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார், மாசிக் கூட்டத்தில அதிகாரம் குடுத்தது வாக்கெடுப்பு இல்லாமல், தான் அண்டைக்கே எதிர்த்தனான் எண்டு. அங்கயிருந்து குறிப்பைக் காட்டச் சொல்லி மன்றத்துக்குக் கடிதம் வந்துது. தேவராஜா என்னட்ட ஒண்டும் கேக்காமலே என்ர கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அனுப்பினார். அதில என்ன இருக்கு? ஏகமனதாக. அதோட கந்தோர்க்காரர் பேசாமல் விட்டிட்டினம்.

அண்டைக்குப் பின்னேரம் வட்ஸ்அப்பில வந்துது, மன்றத்தில ஆமாப் போட்டுவிட்டு வெளியில போய் வெள்ளைக்காரனிட்டப் பொய்க் கடிதம் குடுத்த துரோகி எண்டு. பேர் போடேல்லை, போடத் தேவையுமில்லை. அந்தச் சொல்லை ஊரில கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஒராளின்ர பேருக்குப் பக்கத்தில அது ஒட்டினால் அடுத்தநாள் விடிய லைட் போஸ்ற்றடியில என்ன கிடக்கும் எண்டு பார்த்த ஆக்கள். இஞ்ச ஒருத்தரும் ஒருத்தரையும் சுடப்போறதில்லை எண்டு மூளைக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியாது. சந்தைக்கடையில அண்ணையைக் கண்ட சனம் மரக்கறியைப் போட்டுவிட்டு மற்றப் பக்கத்தால போகத் தொடங்கிச்சுது.

ஆவணியில அவரை நீக்கிற தீர்மானம், குழுவே நீக்கியிருக்கலாம், ஆனால் அதைச் சபையே செய்ததா இருக்கவேணும் எண்டு தேவராஜா கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதுக்கு மூண்டு நாளைக்கு முதல் தேவராஜா எங்கட வீட்டை வந்தார், தனிய, ஒரு பெட்டி மாம்பழத்தோட. சப்பாத்தை வாசலில கழட்டி வடிவா ஒழுங்கா வைச்சார். என்ர கத்தரிக்காய்க் குழம்பைப் புகழ்ந்து சாப்பிட்டார். அண்ணை கூட்டத்தில என்னை நேர கேப்பார் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. உண்மையில அண்டைக்கு அவர் எதிர்த்தவர்தானே தம்பி எண்டு நான் மெல்லக் கேட்டன். ஓம் எண்டு ஒத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"அக்கா, ஒரு தாள் பிழை எண்டு நீங்கள் சொன்னால், பன்னிரண்டு வருசத் தாளும் பிழை எண்டுதான் சனம் சொல்லும்" எண்டார். "நீங்களும் அவரோட சேர்ந்து வெளியில நிக்கவேணும். பிறகு ராகவிக்கு ஒரு நல்லது கெட்டது எண்டால் ஆர் வருவினம்?"

வைதேகி அக்காவின்ர புதன்கிழமை என்னாகும் எண்டு கேட்டன். அவர் என்ர கையைப் பிடிச்சு, அந்த அக்காவில ஆரும் கை வைக்கமாட்டினம், அது என்ர பொறுப்பு எண்டார். நான் நம்பினன். இல்லை, இதிலயும் பொய் சொல்லக்கூடாது. எங்கட மன்றத்தில அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒண்டு, ஒரு இலக்கம், அந்த விதியை அடிச்சதே நான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நம்பினன்.

கூட்டத்துக்கு அறுபது பேர். சுவரோரமா நீல ரீசேட்டுகள். உறுதிமொழி சொல்லேக்க அருந்தவன் அண்ணை மட்டும் எழும்பாமல் கதிரையில இருந்தவர். தீர்மானத்தை வாசிச்ச பிறகு, சொல்ல ஏதும் இருக்கோ மாஸ்டர் எண்டு தேவராஜா மரியாதையாக் கேட்டார். அண்ணை அவரைப் பார்க்கேல்லை, என்ர மேசைப் பக்கம் திரும்பினார்.

"யோகா, மாசிக் கூட்டத்தில நான் எதிர்ப்பு எண்டு சொன்னதை நீ கேட்டனியோ, இல்லையோ?"

அறுபது பேரிலயும் நாப்பது பேர் அண்டைக்கு அங்க நிண்ட ஆக்கள். நாப்பது பேரும் கேட்டவை. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தினம்.

"எனக்கு ஞாபகம் இல்லை, அண்ணை" எண்டன்.

வீட்டில ஞாபகம் போன மனிசியோட இரவு பகலா மாயிற ஒராளைப் பார்த்து அப்பிடிச் சொன்னனான். அவர் கையில வைச்சிருந்த யாப்புப் புத்தகத்தை மூடிப்போட்டுக் கதிரையில இருந்தார். ஜெயசிங்கம் அங்கிள் குடுத்த துண்டைப் பார்த்து வாசிச்சு முன்மொழிஞ்சார், என்னத்தை முன்மொழியிறன் எண்டு அவருக்கு விளங்கிச்சுதோ தெரியாது. வழிமொழிய ஆள் இல்லை. அரை நிமிசம் ஒருத்தரும் கையைத் தூக்கேல்லை. அந்த அரை நிமிசம் அப்பிடியே இருந்திருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும், இருபத்திரண்டு வருசத்தில முதல்தரமா. எனக்கு இண்டைக்கும் அதை நினைச்சால் நித்திரை வராது. தேவராஜா சபையைப் பார்க்கேல்லை, என்னைத்தான் பார்த்தார். நான் பேனை பிடிச்ச கையை அரைவாசி தூக்கினன்.

அடுத்த புதன்கிழமை நான் சாப்பாடு பரிமாற வந்திருந்தன். பதினொண்டரைக்கு அண்ணையின்ர கார் வந்து கேற்றடியில நிண்டுது. வைதேகி அக்கா நாவல் நிறச் சீலை, கையில கைப்பை, தலையை வடிவா இழுத்து வாரியிருந்தா. பிரஷாந்தன் ரெலிபோனில பட்டியலைப் பார்த்துப்போட்டுக் கேற்றைத் திறக்காமல் நிண்டான். குடும்ப இலக்கம் ரத்தாகிட்டுது, இவவின்ர பேரும் அதுக்குள்ளதான் எண்டான். அவன்ர குரல் நடுங்கினது உண்மை. நடுங்கிக்கொண்டும் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

"நான் உள்ள வரேல்லை, தம்பி. காருக்குள்ள இருக்கிறன். அவ மட்டும் சாப்பிட்டிட்டு வரட்டும்" எண்டார் அண்ணை.

பிரஷாந்தன் தேவராஜாவுக்கு ரெலிபோன் அடிச்சான். விதி எண்டால் எல்லாருக்கும் விதிதான், அடுத்த குழுக் கூட்டத்தில பரிசீலிப்பம் எண்டு பதில். நான் அடிச்சன். டொக்டர் நோயாளியோட நிக்கிறார் எண்டு அவற்ற கிளினிக்கில ரெலிபோன் எடுக்கிற வெள்ளைப் பிள்ளை சொல்லிச்சுது. நாலுதரம் அடிச்சன், நாலுதரமும் அதே கதை. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கேற்றைப் பிடுங்கி எறிஞ்சிருக்கலாம், பூட்டைத் திறக்கிற திறப்புக்கூட என்ர பைக்குள்ளதான் கிடந்துது. செயலாளரிட்ட ஒரு திறப்பு எப்பவும் இருக்கும். எடுத்துத் திறக்கேல்லை. உள்ள ஓடிப்போய் ஒரு கோப்பையில சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து கார் கண்ணாடிக்குள்ளால நீட்டினன். அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சா. மற்ற ஆக்கள் இருந்து சாப்பிடுற இடம் எங்க பிள்ளை, நான் அங்க இருக்கிறன் எண்டா. காருக்குள்ள ஒரு வாய்கூட வைக்கேல்லை. அண்ணை கோப்பையைத் திருப்பித் தந்து, கவனமாக் கொண்டுபோ, குழம்பு சிந்தப்போகுது எண்டார்.

அடுத்த ரெண்டு புதனும் அவ சீலை உடுத்து வெளிக்கிட்டு நிண்டவவாம், இண்டைக்குப் போறதில்லையோ எண்டு பின்னேரம் வரைக்கும் வாசலில நிண்டு கேட்டவவாம். நான் அவையின்ர வீட்டுக்கு மூண்டுதரம் சாப்பாடு கட்டிக்கொண்டு போனன், இருட்டின பிறகு, காரை அடுத்த தெருவில விட்டிட்டு. அக்கா என்னையும் நஞ்சு வைக்க வந்த ஆள் எண்டு விலத்தினா. நாலாங் கிழமை ஆஸ்பத்திரி. ஆறாங் கிழமை முடிஞ்சுபோனா. நெஞ்சுச் சளி எண்டு டொக்டர்மார் எழுதினவை. அவையள் கண்டது அவ்வளவுதான், அவையளில பிழையில்லை.

எங்கட சனத்துக்குள்ள எந்தக் கோவக்காரன் செத்தாலும் செத்தவீட்டுக்குப் போறது. காணிச் சண்டையில முப்பது வருசம் முகம் பாராத ஆக்களும் போய் ஒரு மூலையில இருந்திட்டு வருவினம். அதை ஒருத்தரும் மாத்தேலாது எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். வியாழக்கிழமை வட்ஸ்அப்பில வந்துது, மன்றத்தின் சார்பில் ஒருவரும் கலந்துகொள்வதில்லை, தனிப்பட்ட முறையில் செல்ல விரும்புவோர் தயவுசெய்து முன்கூட்டியே பெயரைத் தரவும் எண்டு. போகக்கூடாது எண்டு அதில எங்கயும் இல்லை. தயவுசெய்து எண்டுகூட இருந்தது. ஒருத்தரும் பேர் குடுக்கேல்லை.

நானும் குடுக்கேல்லை. ஆனால் சனிக்கிழமை வெளிக்கிட்டன். ராகவிதான் கார் ஓடினவள். ஒரு ரோல்ஸ் கிளப்புக்கு ஏனம்மா இப்பிடிப் பயப்பிடுறீங்கள், அவையளால உங்களை என்ன செய்யேலும் எண்டு வழிமுழுக்க இங்கிலிசில பொரிஞ்சு தள்ளினாள். அவளுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது. காய்ச்சல் எண்டு படுத்தால் கஞ்சி கொண்டுவாறது அவையள். நாளைக்கு நான் செத்தால் வரவேண்டினதும் அவையள். இந்த நாட்டில எனக்கெண்டு வேற என்ன இருக்கு.

மின்சின்பரியில மயானம். கார் நிப்பாட்டுற இடத்தில ஒரு வெள்ளைக் கார், அதுக்குள்ள பிரஷாந்தனும் இன்னொருத்தனும். நீல ரீசேட் போடேல்லை. மடியில ரெலிபோன். எங்களுக்கு முன்னால வந்த ரெண்டு கார் வேகத்தைக் குறைச்சு, அந்தக் காரைக் கண்டிட்டு, வட்டமடிச்சு வெளியால போச்சுது. ரெண்டும் ஆற்ற கார் எண்டு எனக்குத் தெரியும். மயானத்து மண்டபத்துக்குள்ள இருநூறு கதிரையாவது இருக்கும். கதவு திறந்து கிடந்துது, பெட்டியும் தெரிஞ்சுது. மெல்பேர்னில இருந்து வந்த மருமக்கள் நாலு பேர், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவன், ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, அவ்வளவுதான்.

நான் இறங்கி நடக்க அருந்தவன் அண்ணை என்னைக் கண்டிட்டு வாசலை விட்டு இறங்கி, வேட்டியைப் பிடிச்சுக்கொண்டு கெதியா என்னட்ட வந்தார். எனக்குச் சொல்ல ஒண்டு இருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு அண்ணை, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கு, எல்லாருக்கும் முன்னால சொல்லுறன் எண்டு. வாயைத் திறக்க முதல் அவர் என்ர ரெண்டு கையையும் பிடிச்சார்.

"வந்தனிதானே யோகா, அது போதும். அந்த வெள்ளைக் காரைக் கண்டனியோ? அவங்கள் உன்னைப் படம் எடுக்க முதல் கெதியாப் போ, பிள்ளை. நீயும் தனிச்சுப் போனால் உனக்கு ஆர் இருக்கினம்?"

குத்திக் கதைச்சிருந்தால் தாங்கியிருப்பன். அவர் குத்தேல்லை. என்னைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுத்தான், மனிசியின்ர பெட்டியை விட்டிட்டு அவ்வளவு தூரம் ஓடிவந்தவர். அவருக்குப் பின்னால பெட்டியடியில ஒருத்தருமில்லை. ராகவி காரைப் பூட்டிப்போட்டு, பூவையும் எடுத்துக்கொண்டு, எங்கள் ரெண்டு பேரையும் தாண்டி உள்ள போனாள். போய் முதல் வரிசையில இருந்தாள். அண்ணை என்ர முதுகில மெல்லத் தட்டி, போயிட்டு வா எண்டார்.

நான் திரும்பிக் காருக்கு வந்தன். திறப்பு ராகவியிட்ட எண்டது அப்பதான் தெரிஞ்சுது. வெள்ளைக் காருக்குத் தெரியாமல் எங்கட காருக்கு மற்றப் பக்கத்தில, சில்லடியில குந்தி, எல்லாம் முடியுமட்டும் அப்பிடியே இருந்தன்.